அலெக் கின்னஸை எங்கிருந்து பார்க்கத் தொடங்குவது?

அக்கா மகன் கல்லூரி விடுமுறைக்கு வந்திருந்தான். ஒரு ராத்திரி இரண்டு பேரும் உட்கார்ந்து ‘ஸ்டார் வார்ஸ்’ முதல் படத்தைப் பார்த்தோம். அவன் நாலைந்து தடவை பார்த்தது. எனக்குப் பல வருஷத்துக்கு அப்புறம். பாலைவனத்தில் ஒரு கிழவர் தலையை மூடியிருந்த துணியை விலக்கி முகம் காட்டும் இடம் வந்தபோது, “இந்தத் தாத்தா வேற எதுலயாவது நடிச்சிருக்காரா மாமா?” என்று கேட்டான்.

எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை. வேறு எதிலாவதா! அந்தத் தாத்தாதான் அலெக் கின்னஸ். ‘ஸ்டார் வார்ஸ்’ வெளிவந்த 1977-க்கு முன்பே மேடையிலும் திரையிலும் நாற்பது ஆண்டுகளுக்கு மேல் வாழ்ந்தவர், ஆஸ்கார் வாங்கியவர், சர் பட்டம் பெற்றவர். நான் பட்டியல் போட ஆரம்பித்ததும் அவன் கையைக் காட்டி நிறுத்தினான். “ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க. பிடிச்சா அடுத்ததுக்குப் போறேன்.”

நியாயமான கேள்விதான், ஆனால் கஷ்டமான கேள்வி. பல வருஷம் முன்பு இதே கேள்விக்கு நான் தப்பான பதில் சொல்லி ஒரு நண்பரை இழந்திருக்கிறேன். நட்பு போகவில்லை; கின்னஸைப் பார்க்கும் ஒரு ஆளை இழந்தேன். எனக்கு மிகவும் பிடித்த பி.பி.சி. தொடரான ‘டிங்கர் டெய்லர் சோல்ஜர் ஸ்பை’யைத்தான் அவரிடம் கொடுத்தேன். இரண்டாவது பகுதியில் தூங்கிவிட்டார். மறுநாள் அவர் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது: “அந்த ஆளு ஒண்ணுமே பண்ணலையேப்பா.” அப்புறம் கின்னஸ் பக்கமே அவர் திரும்பவில்லை. அதனால் இந்த முறை அவசரப்படாமல் இரண்டு நாள் யோசித்தேன். அந்த யோசனையைத்தான் இங்கே எழுதுகிறேன். கின்னஸைப் புதிதாகப் பார்க்கப் போகிறவர்கள் யாராவது இருந்தால் உதவும்.

எந்தப் படத்தில் தொடங்கினால் என்ன என்று கேட்கலாம். பெரும்பாலான நட்சத்திரங்களுக்கு அது சரி. எதில் பார்த்தாலும் அதே முகம், அதே நடை, அதே குரல். நாம் விரும்புவதும் அதைத்தான். கின்னஸிடம் அப்படிப் பிடித்துக்கொள்ள ஒன்றும் கிடையாது. உருண்டை முகம், முன்வழுக்கை, வெளிறிய கண், நடுத்தர உயரம். ரயிலில் எதிரே உட்கார்ந்து வந்தால் இறங்கியதும் மறந்துபோகும் உருவம். 1914 ஏப்ரல் 2-ம் தேதி லண்டனில் பிறந்தார். பிறப்புச் சான்றிதழில் அப்பா பெயர் இருக்க வேண்டிய இடம் காலி. பதினாலு வயதுக்குள் மூன்று வெவ்வேறு பெயர்களில் வாழ்ந்ததாக அவரே தன் நினைவுக்குறிப்பில் எழுதியிருக்கிறார். இன்னார் என்று சொல்லிக்கொள்ள ஒன்றும் இல்லாமல் வளர்ந்த பையன், பெரியவனானதும் யாராக வேண்டுமானாலும் ஆகக் கற்றுக்கொண்டான். அதனால்தான் தொடங்கும் இடம் முக்கியமாகிறது. தப்பான படத்தில் தொடங்கினால் வேஷம் மட்டும் கண்ணில் படும், இல்லாவிட்டால் ஒன்றுமே படாது.

சரி, முதலில் அக்கா மகன் ஏற்கனவே நுழைந்துவிட்ட வாசலைப் பார்ப்போம். உலகத்தில் முக்கால்வாசிப் பேருக்கு கின்னஸ் என்றால் அந்தப் பாலைவனக் கிழவர் ஓபி-வான் கெனோபிதான். அதில் அவருக்கே சந்தோஷம் இருந்ததில்லை. வசனங்கள் மோசம் என்று நண்பருக்குக் கடிதம் எழுதினார். ஆனால் சம்பளத்தோடு வருமானத்தில் ஒரு சிறு பங்கும் வேண்டும் என்று ஒப்பந்தம் போட்டிருந்ததால், கடைசிக் காலம் வரை பணக்கவலை இல்லாமல் வாழ்ந்தார். படத்தை நூறு தடவைக்கு மேல் பார்த்ததாகப் பெருமையோடு சொன்ன ஒரு சிறுவனிடம், இனிமேல் அதைப் பார்க்காதே என்று கேட்டுக்கொண்டு அவனை அழ வைத்த கதையையும் அவரே எழுதியிருக்கிறார்.

அவருக்குப் பிடிக்காவிட்டாலும் வேலையில் குறை வைக்கவில்லை. படத்தின் இளம் நாயகன் லூக் வாயிலிருந்து ‘ஓபி-வான்’ என்ற பெயர் வந்ததும் அவர் என்ன செய்கிறார் என்று பாருங்கள். பதில் சொல்வதற்கு முன்னால் மெல்லப் பின்னுக்குப் போய் உட்காருகிறார். கண் எங்கோ தூரத்தில் நிற்கிறது. பல வருஷம் யாரும் கூப்பிடாத ஒரு பெயர் காதில் விழுந்தால் ஒரு மனிதனுக்கு என்ன ஆகுமோ அது அங்கே நடக்கிறது. அப்புறம், “அப்பா எப்படி இறந்தார்?” என்று லூக் கேட்கும்போது ஒரு சின்னத் தயக்கம். அடுத்த படத்தைப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்தால் அந்தத் தயக்கம் நெஞ்சைப் பிடிக்கும். இவ்வளவும் இருந்தும், கின்னஸை அளக்க இது போதாது. படத்தின் பாதிக்கு மேல் அவர் இல்லை. இருக்கும் இடங்களிலும் பெரியவராக நின்று வழிகாட்டுவதுதான் வேலை.

அடுத்து, விவரம் தெரிந்தவர்கள் எல்லோரும் முதலில் நீட்டும் படம் ‘கைண்ட் ஹார்ட்ஸ் அண்ட் கோரனட்ஸ்’. 1949-ல் லண்டனின் ஈலிங் ஸ்டூடியோ எடுத்தது. இயக்கம் ராபர்ட் ஹேமர். ஒரு பிரபு குடும்பத்துப் பெண், இத்தாலியப் பாடகர் ஒருவரைக் கல்யாணம் செய்துகொண்டதால் வீட்டை விட்டு ஒதுக்கப்படுகிறாள். அவள் செத்த பிறகு குடும்பக் கல்லறையில்கூட இடம் தர மறுக்கிறார்கள். அவள் மகன் லூயி, தனக்கும் அந்தப் பிரபுப் பட்டத்துக்கும் நடுவே நிற்கும் உறவினர்களை ஒவ்வொருவராகத் தீர்த்துக்கட்டுகிறான். அந்த உறவினர்கள் எட்டுப் பேரும் கின்னஸ்தான். பாதிரியார், கடற்படைத் தளபதி, ராணுவ ஜெனரல், வங்கி முதலாளி, போட்டோ பைத்தியம் பிடித்த இளைஞன், பெண்களுக்கு ஓட்டுரிமை கேட்டுப் போராடும் ஒரு அம்மாள் உள்பட. முதலில் நாலு வேஷத்துக்குத்தான் கேட்டார்களாம். “நாலு எதற்கு, எட்டும் செய்கிறேனே” என்றாராம்.

சிவாஜியின் ‘நவராத்திரி’யையும் கமலின் ‘தசாவதார’த்தையும் பார்த்து வளர்ந்த நமக்கு ஒரே ஆள் பல வேஷம் என்பது புதிதல்ல. அதனால் தமிழ் ரசிகருக்கு இதுதான் சரியான வாசல் என்று எனக்கும் தோன்றியதுண்டு. தேவாலயத்தில் இரங்கல் கூட்டம் நடக்கும் காட்சியில் ஒரே சட்டகத்துக்குள் ஆறு கின்னஸ்கள் உட்கார்ந்திருப்பார்கள். கம்ப்யூட்டர் இல்லாத காலம். கேமராவை அசையாமல் பூட்டிவிட்டு, லென்ஸுக்கு முன்னால் ஒரு பகுதியை மட்டும் திறந்து மற்றதை மறைத்து, ஃபிலிமைத் திரும்பச் சுற்றி, அடுத்த வேஷம் போட்டு வந்ததும் அடுத்த பகுதியைத் திறந்து எடுத்தார்கள். யாராவது தெரியாமல் இடித்து கேமரா நகர்ந்துவிட்டால் எல்லாம் போச்சு என்று, ஒளிப்பதிவாளர் டக்ளஸ் ஸ்லோகம்ப் ராத்திரி அதன் பக்கத்திலேயே படுத்துத் தூங்கினாராம்.

ஆனாலும் இதை முதல் படமாகச் சொல்ல மாட்டேன். காரணம், எட்டுப் பேராக வந்தும் கின்னஸ் இதில் கொஞ்சம்தான் இருக்கிறார். ஒவ்வொருவரும் சில நிமிஷம் வந்து செத்துப்போகிறார்கள். படம் முழுக்க நம்மோடு நடப்பவர் லூயியாக நடித்த டென்னிஸ் பிரைஸ். இன்னொரு சிக்கலும் உண்டு. படத்தின் நகைச்சுவை பெரும்பாலும் லூயியின் பின்னணிக் குரலில் இருக்கிறது. பயங்கரமான விஷயத்தைத் தேன் தடவிய மரியாதையோடு சொல்லும் அந்த ஆங்கிலத்தைக் காதால் கேட்டுச் சிரிக்க வேண்டும்; சப்டைட்டிலைப் படிப்பவருக்குப் பாதி கரைந்துவிடும். கடைசிப் பகுதியில் இன்றைக்கு நாராசமாக ஒலிக்கும் ஓர் இனவசையும் வருகிறது. அதை முன்கூட்டியே சொல்லிவிடுவது நல்லது.

ஈலிங்கிலிருந்தே ஒன்று வேண்டுமென்றால் 1951-ல் வந்த ‘தி லாவெண்டர் ஹில் மாப்’ நல்லது. ஒன்றேகால் மணி நேரத்துக்குச் சற்று மேல்தான். வங்கித் தங்கக் கட்டிகளை ஏற்றிச் செல்லும் வேனில் இருபது வருஷம் காவல் போன ஒரு குமாஸ்தா, ஒரு நாள் அந்தத் தங்கத்தையே திருடி, உருக்கி, ஈஃபிள் கோபுர பொம்மைகளாக வார்த்துப் பிரான்சுக்கு அனுப்பத் திட்டம் போடுகிறார். இதற்காக கின்னஸுக்கு ஆஸ்கார் பரிந்துரை கிடைத்தது. வீட்டில் எல்லோரும் சேர்ந்து உட்கார்ந்து பார்க்க ஏற்றது. ஆனால் சந்தோஷமாகச் சிரித்துவிட்டு எழுந்து போய்விடுவோம். இவர் நடித்த இன்னொரு படத்தைத் தேட வேண்டும் என்ற பசியை அது உண்டாக்குவதில்லை.

அந்தப் பசியை உண்டாக்குவது ‘தி பிரிட்ஜ் ஆன் தி ரிவர் க்வாய்’. 1957. இயக்கம் டேவிட் லீன். சிறந்த நடிகர் உள்பட ஏழு ஆஸ்கார். கதை சயாமில், அதாவது இன்றைய தாய்லாந்தில் நடக்கிறது. படம் எடுத்தது இலங்கையில், களனி ஆற்றங்கரைக் கித்துல்கலவில். ஜப்பானியரிடம் போர்க்கைதியாகப் பிடிபட்ட பிரிட்டிஷ் கர்னல் நிக்கல்சன், தன் அதிகாரிகள் கூலி வேலை செய்யக்கூடாது என்று ஜெனீவா ஒப்பந்தத்தைக் காட்டி மறுக்கிறார். முகாம் தலைவன் சைட்டோ அவரைத் தகர அறை ஒன்றில் வெயிலில் பூட்டிவைக்கிறான். நிக்கல்சன் பணியவில்லை. ஜெயித்து வெளியே வருகிறார். வந்த பிறகு, எதிரிக்காகக் கட்டும் பாலத்தைத் தன் படையின் பெருமையாக நினைத்து, உயிரைக் கொடுத்து நன்றாகக் கட்டத் தொடங்குகிறார். இதற்கு மேல் கதை சொல்லக் கூடாது.

நான் சொல்ல வந்தது ஒரு நடையை. தகர அறைக் கதவைத் திறந்து அவரை வெளியே கொண்டுவருகிறார்கள். பல நாள் நிமிரவே முடியாமல் கிடந்த மனிதர். முழங்கால் மடங்குகிறது, பாதம் தரையில் சரியாகப் படவில்லை, வலது கால் போக நினைத்த இடத்துக்குப் போகவில்லை. ஆனால் இடுப்புக்கு மேலே அவர் இன்னும் அணிவகுப்பு மைதானத்தில் இருக்கிறார். தோள் விழவில்லை, தலை குனியவில்லை. ஒரே உடம்பில் கீழ்ப்பாதி தோற்றுவிட்டது, மேல்பாதி தோற்க மறுக்கிறது. கின்னஸுக்கு மேத்யூ என்று ஒரே மகன். பதினோரு வயதில் இளம்பிள்ளை வாதம் தாக்கி, மெல்ல மெல்லத் திரும்ப நடக்கக் கற்றுக்கொண்டவன். அந்தப் பிள்ளையின் நடையைத்தான் அந்தக் காட்சிக்கு எடுத்துக்கொண்டதாக கின்னஸ் சொல்லியிருக்கிறார். தான் செய்ததிலேயே சிறந்தவற்றில் ஒன்றாக அந்தச் சில நொடிகளை மதித்தார். இது தெரிந்த பிறகு அந்தக் காட்சியை என்னால் சாதாரணமாகப் பார்க்க முடிந்ததில்லை. மகன் ஒவ்வொரு அடியாக எடுத்து வைப்பதை ஒரு தகப்பன் எவ்வளவு நேரம் பார்த்துக்கொண்டு நின்றிருப்பான்!

இந்தப் பாத்திரத்தை முதலில் அவர் மறுத்துவிட்டார். ஒப்புக்கொண்ட பிறகும் லீனோடு ஓயாத சண்டை. நிக்கல்சனிடம் கொஞ்சம் நகைச்சுவை, கொஞ்சம் ஈரம் வேண்டும் என்றார் கின்னஸ். அலுப்பூட்டும் விறைப்பான மனிதராகவே இருக்கட்டும் என்றார் லீன். இரண்டு பேரும் விட்டுக்கொடுக்காததுதான் படத்துக்கு லாபம். நிக்கல்சன் முட்டாளா, வீரரா என்று கடைசி வரை முடிவு செய்ய முடியாமல் தவிக்கிறோம். ஒட்டு மூக்கு, ஒட்டுத் தாடி எதுவும் இல்லாமல் கின்னஸின் சொந்த முகமே இரண்டே முக்கால் மணி நேரப் படத்தைத் தாங்குகிறது.

தமிழராக இதைப் பார்க்கும்போது ஒரு குறை உறுத்தும். அதை மறைத்துவிட்டு நான் சிபாரிசு செய்ய முடியாது. அந்தப் பாலம் நிற்கும் சயாம் – பர்மா ரயில்பாதை நம் ஆட்களின் கல்லறையும்கூட. 1942–43-ல் ஏறத்தாழ 415 கிலோமீட்டர் நீளத்துக்குக் காட்டையும் பாறையையும் வெட்டிப் போட்ட அந்தப் பாதையில், பிரிட்டிஷ், ஆஸ்திரேலிய, டச்சுப் போர்க்கைதிகளைவிட ஆசியத் தொழிலாளர்கள்தான் எண்ணிக்கையில் பல மடங்கு அதிகம். செத்தவர்களிலும் அவர்கள்தான் அதிகம். மலாயா ரப்பர் தோட்டங்களிலிருந்து கொண்டுபோகப்பட்டுக் காலராவிலும் பசியிலும் அடியிலும் மாண்ட தமிழர்கள் பல்லாயிரம் பேர். மலேசியத் தமிழர் வீடுகளில் ‘சயாம் மரண ரயில்’ என்று சொன்னாலே போதும். படத்தில் அவர்களுக்கு இடமே இல்லை. பாதை போட்டதெல்லாம் சீட்டியடித்துக்கொண்டு நடந்த பிரிட்டிஷ் சிப்பாய்கள்தான் என்று நினைக்கத் தோன்றும். அந்தச் சிப்பாய்கள் பக்கத்திலிருந்தும் வருத்தம் வந்தது. நிஜத்தில் பாலம் கட்டிய கைதிகளுக்குத் தலைமை தாங்கிய பிலிப் டூசி, நிக்கல்சனைப் போல எதிரிக்கு உழைத்துக் கொடுத்தவர் அல்ல. முடிந்தவரை வேலையைத் தாமதப்படுத்தியவர். ஆக, வரலாறு தெரிந்துகொள்ள இந்தப் படம் உதவாது. ஒரு மனிதனின் பிடிவாதம் எப்படிக் கண் முன்னாலேயே பைத்தியமாகிறது என்று பார்க்க இதைவிட நல்ல படம் எனக்குத் தெரியாது. அக்கா மகனிடம் இரண்டையும் சேர்த்துத்தான் சொன்னேன்.

இப்போது என் செல்லத்துக்கு வருகிறேன். ‘டிங்கர் டெய்லர் சோல்ஜர் ஸ்பை’, 1979-ல் பி.பி.சி. ஒளிபரப்பியது. ஏழு பகுதி, ஒவ்வொன்றும் ஐம்பது நிமிஷம் போல. ஜான் லெ காரேயின் நாவல். தொலைக்காட்சிக்கு எழுதியவர் ஆர்தர் ஹாப்கிராஃப்ட், இயக்கியவர் ஜான் இர்வின். பிரிட்டிஷ் உளவுத்துறையின் உச்சியில் ரஷ்யாவுக்கு வேலை செய்யும் ஒருவன் இருக்கிறான். வேலையை விட்டு அனுப்பப்பட்ட ஜார்ஜ் ஸ்மைலியைத் திரும்பக் கூப்பிட்டு, அவன் யாரென்று கண்டுபிடிக்கச் சொல்கிறார்கள். அவ்வளவுதான் கதை. துப்பாக்கிச் சத்தம் ஓரிரு இடத்தில்தான். மற்றபடி அறைகளில் உட்கார்ந்து பேசுகிறார்கள். தொடரின் முதல் காட்சியே ஒரு மீட்டிங் அறைதான். நாலு பேர் ஒருவர் பின் ஒருவராக வந்து உட்காருகிறார்கள். கடைசியில் வருபவர் டீ கோப்பைக்கு மேலே சாஸரை மூடி போலக் கவிழ்த்து ஏந்தி வருகிறார். கிட்டத்தட்ட யாரும் பேசுவதில்லை. ஆனால் யார் எப்படிப்பட்டவன் என்று அதிலேயே தெரிந்துவிடுகிறது. என் நண்பர் தூங்கியதில் அதிசயமில்லை. இப்படிப் பார்க்க வேண்டும் என்று நான் அவருக்குச் சொல்லவில்லை.

அப்போது கின்னஸுக்கு அறுபத்தைந்து வயது. நிஜ உளவாளி ஒருவரைப் பார்க்க வேண்டும் என்று லெ காரேயிடம் கேட்டார். உளவுத்துறைத் தலைவராக இருந்து ஓய்வு பெற்ற மாரிஸ் ஓல்ட்ஃபீல்டோடு மூன்று பேருமாக மதியச் சாப்பாடு சாப்பிட்டார்கள். ஓல்ட்ஃபீல்டின் சட்டைக் கைப் பொத்தான், அவர் குடையைப் பிடிக்கும் விதம், கண்ணாடி டம்ளரின் விளிம்பை விரலால் தடவுவது எல்லாவற்றையும் கின்னஸ் கவனித்துக்கொண்டே இருந்தாராம். ஓல்ட்ஃபீல்டு கிளம்பிப் போனதும், அவர் தெருவில் நடந்து போகும் விதத்தைப் பார்க்க எழுந்து ஓடினாராம். இதை லெ காரே பலமுறை நினைவுகூர்ந்திருக்கிறார். அதற்கப்புறம் ஸ்மைலியை எழுத உட்கார்ந்தால் கின்னஸ்தான் வந்து நிற்கிறார், அந்தப் பாத்திரத்தை அவர் தன்னிடமிருந்து எடுத்துக்கொண்டு போய்விட்டார் என்ற பொருளிலும் சொல்லியிருக்கிறார்.

ஸ்மைலி செய்வதெல்லாம் கேட்பது. பழைய சகாக்களிடம் போய் உட்காருகிறார், அவர்கள் பேசுகிறார்கள், இவர் கேட்கிறார். மூட்டு வலியோடு நாயை வைத்துக்கொண்டு தனியாகக் கிடக்கும் கான்னியாக பெரில் ரீட் நடித்த காட்சியை எடுத்துக்கொள்ளுங்கள். பேச்சு முழுக்க அந்த அம்மாளுடையது. அழுகை, சிரிப்பு, கோபம் எல்லாம் அவருக்கு. கின்னஸ் சும்மா உட்கார்ந்திருக்கிறார். ஆனால் இரண்டாவது தடவை பார்க்கும்போது அவர் முகத்தை மட்டும் பாருங்கள். எந்தச் சொல் அவருக்கு வேண்டிய சொல், எது தெரிந்த விஷயம், எங்கே அவள் மேல் இரக்கம் வருகிறது, எங்கே அந்த இரக்கத்தைத் தள்ளி வைத்துவிட்டு அடுத்த கேள்விக்குப் போகிறார் என்பதெல்லாம் அதில் ஓடிக்கொண்டிருக்கும். மூக்குக் கண்ணாடியைக் கழற்றி டையின் நுனியால் துடைப்பது அவர் வழக்கம். கண்ணாடி இல்லாத அந்தச் சில விநாடிகளில் முகம் நிராயுதபாணியாகிவிடும். திரும்ப மாட்டியதும் கதவு சாத்திக்கொள்ளும். பிரிட்டனின் பாஃப்டா விருதை இதற்கு வாங்கினார். இதன் தொடர்ச்சியாக 1982-ல் வந்த ‘ஸ்மைலீஸ் பீப்பிள்’ தொடருக்கு மறுபடியும் வாங்கினார்.

இதே கதை 2011-ல் கேரி ஓல்ட்மேன் நடிக்க இரண்டு மணி நேரப் படமாகவும் வந்தது. நல்ல படம். ஆனால் நேரம் மிச்சமாகிறதே என்று அதை முதலில் பார்த்துவிடாதீர்கள். துரோகி யார் என்று தெரிந்துவிட்டால், தொடரை முதல்முறை பார்க்கும் சுகம் போய்விடும்.

இன்னொரு படத்தைப் பற்றியும் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் நம் ஊர்க்காரர்கள் கை முதலில் அதன்மேல்தான் போகும். டேவிட் லீன் 1984-ல் எடுத்த ‘எ பாசேஜ் டு இந்தியா’. இந்தியக் கதை, பெங்களூரிலும் சுற்றுவட்டாரத்திலும் படப்பிடிப்பு, மலை ரயிலாக வருவது நம்ம நீலகிரி ரயில். பார்க்க ஆசை வரும். ஆனால் அதில் கின்னஸ், பேராசிரியர் காட்போலே என்ற பிராமணர். முகத்துக்குப் பழுப்பு மை, நெற்றியில் குறி. விக்டர் பானர்ஜி, சயீத் ஜாஃப்ரி, ரோஷன் சேத் எல்லாம் அதே படத்தில் இருக்கும்போது இந்த வேஷத்தை ஓர் ஆங்கிலேயர் போட்டிருக்க வேண்டியதே இல்லை. அவர் நடித்ததில் ஒரு பகுதியை லீன் வெட்டியும்விட்டார். ‘லாரன்ஸ் ஆஃப் அரேபியா’வில் இளவரசர் ஃபைசல், 1961-ல் ஒரு படத்தில் ஜப்பானிய வியாபாரி என்று இப்படிப் பல வேஷம் போட்டவர்தான் அவர், அந்தக் காலத்தில் அது சகஜம். ஃபைசலில் குரலின் அமைதி நம்மைக் கொஞ்சம் மறக்கவாவது வைக்கும். காட்போலேயில் மை மட்டும்தான் தெரிகிறது. எனக்கு எவ்வளவோ பிடித்த நடிகர். இருந்தும் அந்தக் காட்சிகளில் தலையைக் குனிந்துகொள்கிறேன். 1948-ன் ‘ஆலிவர் ட்விஸ்ட்’டில் பெரிய ஒட்டு மூக்கோடு செய்த ஃபேகின் என்ற யூதத் திருடனும் இந்த வகைதான். யூதர்களைக் கேவலப்படுத்துகிறது என்று எதிர்ப்பு எழுந்து, அமெரிக்காவில் 1951 வரை வெளியாகவில்லை. இரண்டையும் கின்னஸை நன்றாகத் தெரிந்துகொண்ட பிறகு பார்க்கலாம்.

ஆக மிஞ்சியது க்வாய், ஸ்மைலி இரண்டும்தான். நேரத்தை வைத்துப் பார்த்தால் க்வாய் ஒரு சாயங்காலம். ஸ்மைலிக்கு ஒரு வாரம் வேண்டும், அதுவும் போனைத் தள்ளி வைத்துவிட்டு. மொழியை வைத்துப் பார்த்தாலும் க்வாய் எளிது. வண்ணப் படம், பெரிய திரைக்கு எடுத்தது, வசனம் புரியாவிட்டாலும் கண்ணுக்குப் புரியும். ஸ்மைலியில் உளவுத்துறைக் குழூஉக்குறிகள், ஒரே மாதிரி கோட்டுப் போட்ட ஆண்கள், நினைவில் வைத்துக்கொள்ள ஒரு டஜன் பெயர்கள். சப்டைட்டில் இல்லாமல் தொடவே கூடாது. யாரோடு பார்க்கிறோம் என்பதும் உண்டு. க்வாயை அப்பாவோடு, நண்பர்களோடு கூட்டமாகப் பார்க்கலாம். முடிந்ததும் நிக்கல்சன் செய்தது சரியா தப்பா என்று வீடே சண்டை போடும். ஸ்மைலி தனியாக, ராத்திரி பத்து மணிக்கு மேல் பார்க்க வேண்டியது.

நடிப்பை மட்டும் வைத்து எடை போட்டால் என் தராசு ஸ்மைலி பக்கம்தான் சாயும். க்வாயில் கின்னஸ் செய்வது நமக்குத் தெரிகிறது. ஸ்மைலியில் அவர் செய்வது தெரிவதற்கே கண் பழக வேண்டும். என் நண்பர் விஷயத்தில் நான் செய்த தப்பு அதுதான். கண் பழகுவதற்கு முன்னால் கடைசிப் பாடத்தைக் கொடுத்துவிட்டேன். தகர அறையிலிருந்து வெளியே வரும் அந்த நடையைப் பார்த்த கண், இந்த மனிதர் உடம்பின் எந்தப் பகுதியையும் சும்மா விடமாட்டார் என்று தெரிந்துகொள்கிறது. அப்புறம் அவர் அசையாமல் உட்கார்ந்திருந்தாலும் நாம் தேட ஆரம்பித்துவிடுவோம்.

அதனால் அக்கா மகனுக்கு க்வாயைச் சொன்னேன். நடுவில் வேண்டுமானால் 1960-ல் வந்த ‘டியூன்ஸ் ஆஃப் க்ளோரி’ என்றும் சொல்லி வைத்தேன். அதுவும் ராணுவ அதிகாரிதான், ஆனால் நிக்கல்சனுக்கு நேர் எதிர். சிப்பாயாக இருந்து உயர்ந்த, குடித்துவிட்டுக் கத்தும், செம்பட்டை முடி ஸ்காட்லாந்துக்காரன். இரண்டையும் அடுத்தடுத்துப் பார்த்தால் ஒரே ஆள் என்று நம்ப நேரமாகும்.

க்வாயை அவன் சனிக்கிழமை சாயங்காலம் பார்த்தான். நான் அந்த நடையைப் பற்றி முன்கூட்டி ஒன்றும் சொல்லவில்லை. தகர அறைக் கதவு திறந்த இடத்தில் ரிமோட்டை எடுத்துப் பின்னால் ஓட்டினான், இரண்டு தடவை. “கால் ஏன் மாமா அப்படிப் போகுது?” என்று கேட்டான். அப்போதுதான் மேத்யூ கதையைச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு மறுபடி ஓட்டிப் பார்த்தான்.

‘டியூன்ஸ் ஆஃப் க்ளோரி’யை அவன் தொடவில்லை, நேராக ஸ்மைலிக்குப் போய்விட்டான். விடுமுறை முடிந்து ஹாஸ்டலுக்குத் திரும்பிய பிறகு ஒரு ராத்திரி பதினொன்றரைக்குப் போன் வந்தது. நாலாவது பகுதியில் இருக்கிறானாம். “மாமா, யாரோ பேசிக்கிட்டே இருக்காங்க, இவர் கண்ணாடியைக் கழட்டித் துடைக்கிறார். இப்ப இவருக்கு என்னமோ தெரிஞ்சுபோச்சு, இல்ல? சொல்லிடாதீங்க, சொல்லிடாதீங்க!” என்று அவனே வைத்துவிட்டான்.